டெல்லிக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று

1977 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு. அண்ணாமலைநகர் மாணவர் விடுதியில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர்; அதைச் சுற்றி ஓர் அறை கொள்ளாத கூட்டம். டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி என்றால் சரோஜ் நாராயணசுவாமியின் குரல்தான் அந்தக் காலத்தவருக்கு நினைவில் நிற்கும். அன்றிரவு வாசித்தது அவர்தானா என்று இப்போது கேட்டால், அந்தக் கூட்டத்தில் இருந்த கடலூர் மாணவரான இவருக்குச் சொல்லத் தெரியாது. தமிழ்நாட்டு முடிவுகள் மளமளவென்று வந்ததும், வடக்கத்தி முடிவுகள் ஏதோ தொண்டையில் சிக்கியதுபோல் தயங்கித் தயங்கி வந்ததும் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. விடிவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. ராய்பரேலியில் இந்திரா காந்தி ராஜ் நாராயணிடம் 55,202 வாக்கு வித்தியாசத்தில் தோற்றிருந்தார்.

அறையில் இருந்த ஒருவன் கேட்டான்: "அப்ப நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அதிமுக, காங்கிரஸ், இந்திய கம்யூனிஸ்ட் கூட்டணி 34ஐ அள்ளியிருந்தது. நாடு முழுவதும் காங்கிரசுக்குக் கிடைத்தது 154 இடம், ஜனதாவுக்கு 295. சிதம்பரத்தில் அதிமுகவின் ஆ. முருகேசனும் கடலூரில் காங்கிரசின் கோ. பூவராகனும் வென்றிருந்தார்கள். அதாவது தென்னார்க்காட்டுக்காரர்கள் மெனக்கெட்டு வெயிலில் நின்று ஓட்டுப் போட்டு, தோற்றுப்போன பக்கத்துக்கு உறுப்பினர்களை அனுப்பி வைத்திருந்தார்கள்.

இவருக்கு அப்போது பத்தொன்பது வயது. வாக்குரிமை 21 வயதில்தான். அதைப் பதினெட்டாகக் குறைத்தது 1989இல். ஆகவே போட்ட பழியும் இல்லை, போடாத பழியும் இல்லை. வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல வயது கிடையாது.

மறுநாள் காலை சிதம்பரம் மேலவீதியில் பட்டாசு வெடித்தது. எம்ஜிஆர் ரசிகர்கள். டெல்லியில் தங்கள் கூட்டணித் தலைவி சொந்தத் தொகுதியையே இழந்தது அவர்களைத் துளியும் பாதித்ததாகத் தெரியவில்லை. இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு ஊற்றிக்கொண்டே ஓட்டலில் ஒருவர் தெளிவாகச் சொன்னார்: "அந்தம்மா தோத்தா அது டெல்லி சங்கதி. இங்க வாத்தியார் ஜெயிச்சிட்டாரு, அத்தோட சரி." வடநாட்டில் அதே காலையில் ஜனங்கள் தெருவில் ஆடிப்பாடிக் கொண்டிருந்தார்கள் என்பதைப் பத்திரிகைகள் மூலம் பிற்பாடு படித்தபோது இவருக்கு வேறொரு நாட்டுச் செய்தியைப் படிப்பதுபோல இருந்தது.

இந்த வேறுபாட்டுக்கு அரசியல் விஞ்ஞானிகள் பல விளக்கம் தந்திருக்கிறார்கள். கடலூர் என்.டி.யில், அதாவது திருப்பாப்புலியூரில், மல்லாட்டை மண்டி ஒன்றில் கணக்கெழுதிய இவருடைய அப்பாவின் விளக்கம் சுருக்கமானது. "அங்க கத்தி வெச்சு வெட்னாங்க, அதனால அங்க கோவம். இங்க அரிசி ஒழுங்கா வந்துச்சு, ஆபீசர் ஒழுங்கா வந்தான், இங்க என்ன கோவம்?" என்பார். கத்தி என்று அவர் சொன்னது கட்டாயக் கருத்தடையை. துர்க்மான் கேட்டில் 1976 ஏப்ரலில் நடந்த இடிப்பும் துப்பாக்கிச் சூடும், உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆட்களைப் பிடித்து வண்டியில் ஏற்றியதும், கெடிலத்துக்குத் தெற்கே வதந்தியாகக்கூட முழுசாக வந்து சேரவில்லை. தணிக்கை அவ்வளவு கச்சிதம்.

ஆனால் அப்பாவின் விளக்கத்தில் ஒரு பாதி விடுபட்டுப்போயிருந்தது. இங்கேயும் அவசரநிலை கடித்தது. வேறு ஆட்களைக் கடித்தது. 1975 ஜூன் 25 இரவு அவசரநிலை வந்தது. 27ஆம் தேதி திமுக செயற்குழு அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அடுத்த ஜனவரி 31 வரை கருணாநிதி ஆட்சி நீடித்ததால் தமிழ்நாடு ஏழு மாதம் ஒருவிதமான தனித் தீவாக இருந்தது. அந்த ஆட்சியைக் கலைத்த அன்றிரவே மிசா கைதுகள் தொடங்கின. பெயர்களை வெளியிட முடியாத நிலையில், பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளில், "அண்ணா சதுக்கத்துக்கு வர இயலாதவர்கள்" என்று முரசொலி ஒரு பட்டியல் போட்டது, படித்தவர்களுக்குப் புரிந்தது. சென்னைச் சிறையில் அடிபட்ட திமுகவின் சிட்டிபாபு, தேர்தல் அறிவிப்பு வந்த அதே மாதம், 1977 ஜனவரியில் இறந்தார். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் திமுக மேடைகளில் இதைச் சொல்லிச் சொல்லி வாக்குக் கேட்டார்கள். கூட்டம் நின்று கேட்டது, கண்ணைத் துடைத்தது, வாக்கை மட்டும் வேறு இடத்தில் போட்டது.

ஏன்? அதற்குச் சாட்சி சாலையோரத்திலேயே கிடந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்துக்காக வார்த்த ராட்சதக் குழாய்கள், ஆள் நிமிர்ந்து நடக்கலாம் என்ற அளவில், வழிநெடுக வெறுமனே கிடந்தன. திட்டம் நின்றுபோயிற்று. குழாய்களுக்குள் ஏழைகள் குடியேறி அடுப்பு மூட்டினார்கள். கருணாநிதி ஆட்சி மீதான ஊழல் புகார்களுக்காக 1976 பிப்ரவரியில் அமைத்த சர்க்காரியா கமிஷன் விசாரித்த விவகாரங்களில் வீராணமும் ஒன்று. கமிஷன் அறிக்கையைச் சிதம்பரம் பக்கத்தில் யாரும் படித்திருக்க வழியில்லை. குழாயைப் பார்க்காதவர் கிடையாது. எம்ஜிஆர் மேடையில் அதைப் பற்றி விவரமாகப் பேசத் தேவையே இல்லை, கையைச் சாலைப் பக்கம் நீட்டினால் போதும்.

அந்தத் தேர்தலில் இரண்டு தொகுதிகளுக்கும் ஒரு விசித்திரமான வேறுபாடு இருந்தது. சிதம்பரத்தில் வாக்குச் சீட்டில் இரட்டை இலை இருந்தது. கடலூரில் இல்லை. அங்கே கூட்டணி வேட்பாளர் காங்கிரஸ்காரர், பசுவும் கன்றும். ஓ.டி.யில், அதாவது முதுநகரில், மீனவக் குடியிருப்புகளில் பிரசாரம் செய்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. இவருடைய அத்தை வாக்குச்சாவடியிலிருந்து வந்து, "சீட்டுல ரெட்டெலையே காணமே, யாரோ எடுத்துட்டானுவோ" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர், "பசு மாடு போட்டியா இல்லியா?" என்று கேட்டதற்கு, "போட்டேன், போட்டேன். அதுவும் எம்ஜிஆரு மாடுதான்னு சொன்னானுவோ" என்றார். இந்திரா காந்தியின் சின்னம் அது என்பது அத்தையின் கணக்கில் எங்குமே வரவில்லை. ஜெயித்த பூவராகன் முன்பு பக்தவத்சலம் அமைச்சரவையில் இருந்தவர். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது அதே பக்தவத்சலம் ஆட்சியில். பன்னிரண்டு வருஷத்துக்குள் அந்தப் பழைய கணக்கை எம்ஜிஆரின் முகம் அழித்துவிட்டிருந்தது.

அப்பாவின் சங்கடம் தனி. காமராஜர் படத்துக்குத் தினம் பூ வைக்கிறவர். 1975 அக்டோபர் 2இல் காமராஜர் போனபின் அவருடைய பழைய காங்கிரஸ் இரண்டாகக் கிழிந்தது. மூப்பனார் தலைமையில் ஒரு பாதி இந்திராவோடு போய்ச் சேர, பா. ராமச்சந்திரன் தலைமையில் மறுபாதி திமுகவோடு கைகோத்து நின்றது. "காமராசர் எந்தப் பக்கம் போயிருப்பாருன்னு யாரைக் கேக்குறது?" என்று புலம்பிக்கொண்டே சாவடிக்குப் போனார். எதில் முத்திரை குத்தினார் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டில் எதைக் குத்தியிருந்தாலும் வருத்தப்பட்டிருப்பார் என்றே தோன்றுகிறது.

மார்ச் 21 அன்று அவசரநிலை விலக்கப்பட்டது. 24ஆம் தேதி மொரார்ஜி தேசாய் பிரதமரானார். அதே பா. ராமச்சந்திரன் மத்தியச் சென்னையில் ஜெயித்து எரிசக்தி அமைச்சரானபோது அப்பாவுக்கு ஒரு வாரம் முகம் மலர்ந்திருந்தது. நெய்வேலிக்காரர்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நிலக்கரியும் மின்சாரமும் ஒரு தமிழர் கைக்கு வந்திருக்கிறதே என்று. மற்றபடி மொரார்ஜி என்றால் இந்த ஊருக்கு இரண்டே விஷயம்: மதுவிலக்கு, இந்தி. பல்கலைக்கழகத்தில் இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. அக்டோபரில் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் ஐ.நா. சபையில் இந்தியில் பேசியபோது முணுமுணுப்பு சற்று உரத்தது. கோகோ கோலா நாட்டைவிட்டுப் போனது. கடலூர் கடைகளில் கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் என்றும்போல் விற்றன.

இங்கே ஆட்சி மாற்றம் என்று மக்கள் சொன்னது மார்ச்சை அல்ல, ஜூனை. சட்டமன்றத் தேர்தலில் நான்கு முனைப் போட்டி. மூன்று மாதம் முன்பு தோளில் கைபோட்டு நின்ற காங்கிரசும் அதிமுகவும் எதிரெதிரே நின்றன. அதிமுக 130, திமுக 48, காங்கிரஸ் 27, ஜனதா 10. ஜூன் 30 எம்ஜிஆர் முதல்வரானார். அன்றைக்கு வெடித்த பட்டாசோடு ஒப்பிட்டால் மார்ச் பட்டாசு ஒத்திகைதான். டெல்லியை ஆளும் ஜனதாவுக்கு இங்கே பத்தே இடம் என்பது வடநாட்டு நிருபர்களைத் திகைக்க வைத்தது. திகைக்க என்ன இருக்கிறது? இதே மாவட்டம் 1952இல், நேரு அலை நாடெல்லாம் அடித்தபோது, கடலூர் எஸ்.எஸ். ராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு அள்ளிக் கொடுத்து, சென்னை சட்டசபைக்குப் பத்தொன்பது பேரை அந்தக் கட்சி அனுப்ப வழிசெய்தது. அந்தப் பத்தொன்பது பேரின் தயவு ராஜாஜிக்கே தேவைப்பட்டது.

1980ஐ வேகமாகக் கடந்துவிடலாம், ஆனால் தவிர்க்க முடியாது. ஜனதா உடைந்து, 1979 ஆகஸ்டில் சரண் சிங் அமைச்சரவையில் அதிமுகவின் சத்தியவாணி முத்துவும், கடலூருக்கு அடுத்த வீடான புதுச்சேரியின் பாலா பழனூரும் மந்திரிகளானார்கள். திராவிடக் கட்சி ஒன்று மத்திய அமைச்சரவையில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமையையும் ஊர் பெரிதாகக் கொண்டாடவில்லை. அதற்கு முந்தைய மாதம் எம்ஜிஆர் போட்ட ஓர் உத்தரவே ஊரின் வாயில் இருந்தது: பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்ற உச்சவரம்பு. பையன் கல்லூரியில் சேரப் போகும் வீடுகள் எல்லாம் கொதித்தன. 1980 ஜனவரியில் டெல்லிக்கு நடந்த தேர்தலில் அந்தக் கொதிப்பு வெளியே வந்தது. இந்திரா காங்கிரசும் திமுகவும் சேர்ந்து 37. அதிமுகவுக்குக் கிடைத்தவை கோபிச்செட்டிபாளையமும் சிவகாசியும். சிதம்பரம் திமுகவின் குழந்தைவேலுவுக்கு, கடலூர் இந்திரா காங்கிரசின் முத்துக்குமரனுக்கு.

எம்ஜிஆருக்குச் சேதி உடனே போய்ச் சேர்ந்தது. பிப்ரவரி தொடக்கத்திலேயே வருமான வரம்பு போனது. போனதோடு நிற்காமல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 சதவீதத்திலிருந்து 50 ஆயிற்று. அதே மாதம் 17ஆம் தேதி இந்திரா அவர் ஆட்சியைக் கலைத்தார். மே மாதம் அதே வாக்காளர்கள் அவரை மறுபடி கோட்டையில் உட்கார வைத்தார்கள். நான்கே மாதத்தில் மனம் மாறிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. இவருக்கு அப்போது இருபத்திரண்டு. ஜனவரியில்தான் முதல் வாக்கைப் போட்டிருந்தார். மனம் எதுவும் மாறவில்லை என்று அவருக்குத் தெரியும். மண்டியில் மல்லாட்டை மூட்டைமேல் உட்கார்ந்து பேசியவர்கள், "டெல்லி ஓட்டுல கொட்டு வெச்சாச்சு, கோட்டை ஓட்டுல தடவிக் குடுத்தாச்சு" என்று சிரித்ததைக் காதால் கேட்டவர் அவர்.

டெல்லியில் யார் உட்கார்ந்தால் என்ன என்ற அலட்சியமாக இதை எடுத்துக்கொண்டால் தப்பு. சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடிதம் எழுத டெல்லித் தேர்தலைப் பயன்படுத்தும் சாமர்த்தியம் இது. கடிதம் போட ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இன்னொரு பெட்டி கிடைக்கிறது, விடுவார்களா?

எல்லோர் கைக்கும் அந்தப் பெட்டி எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிதம்பரம் தனித் தொகுதி. சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளி நடத்திய ஊர். தீண்டாமை பற்றிய அகில இந்தியக் குழுவுக்குத் தலைமையேற்ற இளையபெருமாள் காட்டுமன்னார்கோயில்காரர். அப்படிப்பட்ட மண்ணில் 1999 செப்டம்பரில், தொல். திருமாவளவன் முதன்முறை நின்ற தேர்தலில், வாக்குப்பதிவையொட்டி தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, குடிசைகள் எரிந்தன. நெய்வேலியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இவர் அந்தக் கிராமங்களின் வழியாகப் பேருந்தில் போனபோது, வேட்டியும் சேலையும் கருகிக் கிடந்த வாசல்களைச் சன்னல் வழியே பார்த்தார். வண்டிக்குள் யாரும் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை. வாஜ்பாய் மறுபடி பிரதமரானது அந்த வாசல்களில் செய்தியாக இருந்திருக்காது. திருமாவளவன் அந்தத் தடவையும் 2004இலும் தோற்று, 2009இல் வென்றார்.

2004க்கு வருவோம். 'இந்தியா ஒளிர்கிறது' என்று தொலைக்காட்சியெல்லாம் விளம்பரம். கடலூரில் அது ஒளிர்ந்ததா இல்லையா என்று யாரும் விவாதிக்கவே இல்லை. பேச்சு முழுக்க முந்திய வருஷத்து ஜூலையைப் பற்றித்தான். வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு டெஸ்மா சட்டத்தில் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்திருந்தது. கடலூர் மாவட்டத் தலைநகர். மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி நாலு வீட்டுக்கு ஒரு வீடு அரசுச் சம்பளத்தில் ஓடுகிறது. உச்ச நீதிமன்றம் போய், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் திரும்பச் சேர்ந்தார்கள். வேலை திரும்பக் கிடைத்தது. அந்தக் கடிதத்தை எழுதிய கை மறக்கவில்லை. போதாததற்கு ரேஷன் அட்டையில் 'எச்' முத்திரை. மாத வருமானம் ஐயாயிரத்துக்கு மேல் என்றால் அரிசி கிடையாது. உழவர்களுக்கு இலவச மின்சாரமும் போயிருந்தது.

மே 10 வாக்குப்பதிவு, 13 எண்ணிக்கை. 39க்கு 39, புதுச்சேரியும் சேர்த்து நாற்பது. கடலூர் திமுகவின் கு. வேங்கடபதிக்கு, சிதம்பரம் பாமகவின் ஈ. பொன்னுசாமிக்கு. வேங்கடபதி பின்னர் மத்திய இணை அமைச்சர்; பொன்னுசாமி முன்பே வாஜ்பாய் ஆட்சியில் அப்படி இருந்தவர். வாஜ்பாய் அன்றே ராஜினாமா செய்தார். சோனியா பிரதமராவாரா, மாட்டாரா என்று நாடு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த 18ஆம் தேதி, அவர் மாட்டேன் என்று சொன்ன அதே நாளில், சென்னையிலிருந்து வேறொரு அறிவிப்பு வந்தது. ஊழியர் மீதான நடவடிக்கைகள் ரத்து. 'எச்' முத்திரை ரத்து. உழவர்களுக்கு இலவச மின்சாரம் திரும்ப. மதமாற்றத் தடைச் சட்டம் ரத்து. பத்திரிகைகள் மீதான வழக்குகள் வாபஸ். மறுநாள் தேசிய நாளிதழ்கள் சோனியாவின் துறவைக் கொட்டை எழுத்தில் போட்டன. திருப்பாப்புலியூர்த் தேரடித் தெருவில் பேப்பர் வாங்கியவர்கள் நேராக அடுத்த செய்திக்குப் போனார்கள். மாவட்ட அலுவலகம் ஒன்றில் வேலைபார்க்கும் நண்பர் தொலைபேசியில் இவரிடம் சொன்னார்: "பாத்தியா, அஞ்சு நாள்தான். டெல்லிக்குப் போட்டா சென்னைக்குக் கேக்குது."

கேட்டதற்காக மன்னிப்பும் கிடைத்தது என்று சொல்ல முடியாது. 2006இல் ஜெயலலிதா ஆட்சி போயிற்று. ஆனால் சிதம்பரம் சட்டமன்றத் தொகுதி அப்போதும் அதிமுகவின் அருண்மொழித்தேவனைத் தேர்ந்தெடுத்தது. பக்கத்துக் கடலூர் திமுகவை. இந்த இரண்டு ஊர்களும் ஒரே ரயில் பாதையில் இருப்பதைத் தவிர வேறெதிலும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

2014 மே 16 அன்று இவர் நெய்வேலி கேன்டீனில் இருந்தார். தொலைக்காட்சியில் நரேந்திர மோடி. முப்பது வருஷத்துக்குப் பின் ஒரு கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை. தமிழ்நாட்டில் அதிமுக 37. கடலூரில் அதே அருண்மொழித்தேவன், சிதம்பரத்தில் சந்திரகாசி. வட இந்திய அதிகாரி ஒருவர் இவரிடம், ஆங்கிலத்தில், உங்கள் மாநிலம் இந்த முறையும் ரயிலைத் தவறவிட்டுவிட்டதே என்றார். அவருக்கு 1977ஐ எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? முந்திய ஆண்டுதான் மத்திய அரசு நெய்வேலி நிலக்கரி நிறுவனப் பங்குகளில் ஒரு பகுதியை விற்கப் போவதாக அறிவித்து, தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, கடைசியில் அந்தப் பங்குகளைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. விற்றது காங்கிரஸ் ஆட்சி. வாங்கியது ஜெயலலிதா ஆட்சி. கேன்டீனில் அன்று கணக்கு அந்த வரிசையில்தான் ஓடியது.

இவருக்குப் பதிலாக, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி தமிழில் பதில் சொன்னார்: "வந்தவரும் மீதியை விக்கத்தான் சார் பாப்பாரு. நாங்க அதுக்குத்தான் இந்தம்மாவுக்குப் போட்டோம். எங்களை எப்ப பர்மனன்ட் பண்ணுவாங்கன்னு அவரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க." இவர் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டு டீ கிளாசை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பக்கம் போனார்.